'மாப்பிள்ளை அமெரிக்கா'ன்னா... எந்த அமெரிக்கா?

போன வாரம் லேப் எக்ஸ்டர்னலில் நான் வாங்கிய பல்பைப் படித்துவிட்டு ஏகப்பட்ட பேர் ஆறுதல் சொல்லியிருந்தீர்கள். தேங்க்ஸ் மக்களே. இந்த வாரம் காமெடி கொஞ்சம் கம்மி. கல்யாணச் சாப்பாட்டில் ஆரம்பித்து ஃபாரத்தில் வந்து நிற்கிற கதை. உங்கள் அக்காவோ, அத்தை பொண்ணோ, நாளைக்கு நீங்களோ 'மாப்பிள்ளை அமெரிக்கா' லிஸ்ட்டில் இருந்தால், இந்தப் பக்கத்தில் பஜ்ஜி எண்ணெய் ஒத்தி எடுப்பதற்கு முன்னாடி படிச்சிடுங்க.

நாயகி என் பெரியம்மா பொண்ணு. (பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அச்சுக்குப் போகும் முன் முழுசாக வாசித்துக் காட்டி, "சரி, போட்டுக்கோ" என்று பர்மிஷன் வாங்கிய பிறகுதான் இது உங்கள் கையில்.) 2023 தை மாதம், கும்பகோணத்தில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு டெக்சாஸில் வேலை. பொண்ணு பார்க்க வந்த அன்று பெரியப்பா கேட்ட கேள்விகள் இவை: சம்பளம் எவ்வளவு, சொந்த வீடா வாடகையா, தண்ணி கிண்ணி உண்டா, செவ்வாய் எங்கே நிக்குது. கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்று. "தம்பி, நீங்க அங்க எந்தப் பேப்பர்ல இருக்கீங்க?"

ஏன்னா, அமெரிக்க மாப்பிள்ளையில் மூன்று வகை உண்டு. முதல் வகை ஹெச்-1பி. வேலை விசா. மனைவிக்கு அதை ஒட்டி ஹெச்-4 கிடைக்கும். சீக்கிரம் போய்விடலாம். ஆனால், அந்த விசாவை மட்டும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. கணவரின் கிரீன் கார்டு வேலை ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் தனி அனுமதி வாங்கலாம் என்பதே 2015-ல்தான் வந்தது. கல்யாணம் முறிந்தால் ஹெச்-4-ம் அத்தோடு முடிந்தது.

இரண்டாவது வகை, கிரீன் கார்டு மாப்பிள்ளை. கேட்க கெத்தாக இருக்கும். மாட்டிக்கொள்வது இங்கேதான். கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மனைவி 'எஃப்2ஏ' என்ற வரிசையில் நிற்க வேண்டும். வருஷத்துக்கு இத்தனை பேர்தான் என்று கோட்டா உண்டு. 2019 ஜூலையிலிருந்து 2023 மார்ச் வரை அந்த வரிசை காலியாக இருந்தது, அடித்தது யோகம். 2023 ஏப்ரலில் மறுபடி தேதி பின்னுக்குப் போய்விட்டது. இதில் ஒரு சூட்சுமம்: கல்யாணம் முதலில், வேலை வழியாக வரும் கிரீன் கார்டு பிறகு என்றால் மனைவியும் அதே ஃபைலில் சேர்ந்துகொள்ளலாம். கார்டு முதலில், தாலி பிறகு என்றால் தனி வரிசைதான். சில ஹெச்-1பி மாப்பிள்ளை வீட்டில் "அடுத்த மாசமே முகூர்த்தம் வேணும்" என்று பறந்தால், சந்தேகப்படாதீங்க, காரணம் இதுவாகக்கூட இருக்கலாம்.

மூன்றாவது, சிட்டிசன் மாப்பிள்ளை. மனைவிக்குக் கோட்டா கிடையாது, வரிசையும் கிடையாது. ஃபைல் நகர்கிற வேகம்தான் கணக்கு. அக்காவுக்கு வாய்த்தவர் இந்த வகை. பெரியப்பாவுக்கு இது தெரிந்ததே கல்யாணம் முடிந்து மூன்று வாரம் கழித்துத்தான்!

மார்ச் மாதம் மாப்பிள்ளை ஐ-130 ஃபாரம் போட்டார். அதன் தலைப்பைப் பார்த்துப் பெரியம்மா ஆடிப்போய்விட்டாள். 'பெட்டிஷன் ஃபார் ஏலியன் ரிலேட்டிவ்'. "என்னடி இது, என் பொண்ணு என்ன வேத்து கிரகத்துலேருந்தா வந்தா?" அமெரிக்கச் சட்டத்தில் குடிமகன் அல்லாத எல்லாரும் ஏலியன்தான் என்று புரிய வைப்பதற்குள் எனக்கு வாய் வலித்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் நான்தான் 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொண்ணு' (நான் படிப்பது ஈ.சி.ஈ. யார் கேட்கிறார்கள்?) என்பதால், அக்கா பக்கத்துப் பேப்பர் வேலையெல்லாம் என் தலையில். பதினாறு வயதிலிருந்து குடியிருந்த அத்தனை விலாசமும் விசா ஃபாரத்தில் கேட்டார்கள். அக்கா இரண்டு ஹாஸ்டல், மூன்று பி.ஜி. மாறியவள். ஒரு பி.ஜி. அக்காவின் முகவரியே ஞாபகமில்லை, எதிரில் இருந்த முட்டை போண்டா கடைதான் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த கூத்து, பிறப்புச் சான்றிதழ். அதில் அக்காவின் பேர் இருக்க வேண்டிய இடம் காலி. குழந்தை பிறந்து பேர் வைப்பதற்குள் பதிவு செய்துவிட்டு, பிறகு பேரைச் சேர்க்க யாருமே போகவில்லை. நகராட்சி ஆபீசுக்கு நாலு நடை. கல்யாணப் பதிவில் மட்டும் தப்பித்தோம். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதக் கல்யாணமாக இருந்தாலும் பதிவு கட்டாயம், 90 நாளுக்குள் செய்ய வேண்டும். மண்டப ரசீதும் பத்திரிகையும் கையில் இருக்கும்போதே பெரியப்பா முடித்துவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் மனுஷன் சூப்பர்.

அப்புறம் இனிஷியல். நமக்கெல்லாம் அப்பா பேரின் முதல் எழுத்துதானே சர்நேம்? அக்காவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. அமெரிக்க விசாவில் என்ன செய்வார்கள் தெரியுமா? இருக்கிற ஒரே பேரைத் தூக்கிச் சர்நேம் கட்டத்தில் போட்டுவிட்டு, முதல் பேர் இருக்கும் இடத்தில் எஃப்.என்.யூ. என்று அடித்துவிடுவார்கள். 'முதல் பேர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம். அக்கா அங்கே போய் இறங்கியதும் ஒரு பேங்க்கில் "மிஸ் ஃப்னு?" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். கல்யாணம், விசா என்று யோசனை இருக்கிற தோழிகளே, பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டத்தையும் முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ஐ-130-க்கு அப்போது 535 டாலர். 2024 ஏப்ரல் முதல் ஆன்லைனில் 625, பேப்பரில் போட்டால் 675 என்று ஏற்றினார்கள். விசா கட்டணம் 325, ஸ்பான்சர் பத்திரத்தைச் சரிபார்க்க 120, கார்டு அச்சடிக்க 235. மெடிக்கல் செலவு தனி. ஸ்பான்சர் பத்திரம் என்பது ஐ-864. 'இவளை அரசாங்கத் தலையில் கட்டமாட்டேன், நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று கணவர் கையெழுத்துப் போட்டுத் தரும் ஒப்பந்தம். அவருடைய வருமானம் அந்நாட்டு வறுமைக்கோட்டைப் போல ஒன்றேகால் மடங்காவது இருக்க வேண்டும். இரண்டு பேர் குடும்பத்துக்கு 2024 கணக்கில் 25,550 டாலர். இந்தப் பத்திரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

2024 ஆகஸ்டில் மும்பை தூதரகத்தில் இன்டர்வியூ. பயந்துபோய் அறுபது கேள்வி பிரின்ட் எடுத்து அக்காவுக்கு வைவா நடத்தினேன். அங்கே கேட்டது நாலைந்துதான். அதில் ஒன்று, "கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள்?" அக்கா "ஆயிரத்து இருநூறு" என்றதும் அந்த அதிகாரி சிரித்துவிட்டாராம். விசா கிடைத்தது. 2025 பிப்ரவரி வரை செல்லும்.

இப்போதுதான் எங்கள் குடும்பம் செய்த மாபெரும் சொதப்பல். "மார்கழி பொறக்கறதுக்குள்ள கிளம்பிடணும்" என்று நாள் பார்த்து நவம்பரிலேயே அக்காவை ஃபிளைட் ஏற்றிவிட்டோம். அமெரிக்காவுக்குள் கால் வைக்கும் அன்று கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிந்திருந்தால் பத்து வருஷ கார்டு. முடியாவிட்டால், இரண்டே வருஷத்துக்கு 'கண்டிஷனல்' கார்டு. தை மாதம் வரை, அதாவது இரண்டு மாதம் மட்டும் பொறுத்திருந்தால், அதே விசாவில் பத்து வருஷ கார்டோடு உள்ளே போயிருப்பாள். நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் பார்த்த ஜோசியருக்கு இது எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லையே!

கண்டிஷனல் கார்டு ஒன்றும் மட்டமானது இல்லை. இறங்கிய நாளிலிருந்தே வேலை பார்க்கலாம், உரிமைகளும் மற்ற கார்டுக்காரர்களுக்கு உள்ளவைதான். ஆனால், காலாவதிக்கு முந்தைய 90 நாளுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து ஐ-751 என்ற ஃபாரத்தில் கையெழுத்திட்டு அனுப்பி, கண்டிஷனை நீக்க வேண்டும். கார்டுக்காகப் பொய்க் கல்யாணம் செய்பவர்களைப் பிடிக்க 1986-ல் கொண்டுவந்த சட்டம் இது. அக்காவின் கார்டு 2026 நவம்பர் வரை.

2025 தீபாவளிக்கு அடுத்த வாரம் ராத்திரி ஒரு மணிக்கு அக்காவிடமிருந்து போன். வழக்கமாக முதல் கேள்வி "மெஸ்ல என்ன டிபன்?" என்றுதான் இருக்கும். அன்றைக்கு ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவள் சம்பளம் நேராக அவர் அக்கவுன்ட்டுக்குப் போகிறது. போனை அவர் தினமும் வாங்கிப் பார்க்கிறார். ஏதாவது கேட்டால் ஒரே டயலாக்: "என் கையெழுத்து இல்லேன்னா உன் கார்டு செல்லாது. ஃபிளைட் ஏற வேண்டியதுதான்."

பெரியம்மாவிடம் லேசாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். "ரெண்டு வருஷம்தானேடி, பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு" என்று பதில். பெரியம்மா கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

மறுநாள் டி.எஸ்.பி. இன்டர்னல். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஐ-751 ஃபாரத்தையும் அதற்கான விளக்கக் குறிப்பையும் வரிக்கு வரி படித்தேன். (இன்டர்னலில் வாங்கிய மார்க்கைக் கேட்காதீங்க.) அந்த மாப்பிள்ளை சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி அந்த ஃபாரத்திலேயே கட்டம் கட்டமாக இருக்கிறது. சேர்ந்து கையெழுத்துப் போட முடியாதவர்கள் தனியாகவே விண்ணப்பிக்கலாம். உண்மையாகத்தான் கல்யாணம் செய்தோம், ஆனால் விவாகரத்தாகிவிட்டது என்பது ஒரு கட்டம். கணவர் இறந்துவிட்டார் என்பது ஒன்று. அடித்தார், அல்லது கடுமையாகக் கொடுமைப்படுத்தினார் என்பது இன்னொன்று. இந்தக் கடைசிக் கட்டத்துக்கு விவாகரத்து ஆகியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. 1990-ல் இது சட்டத்தில் சேர்ந்தது. தனியாகப் போடுகிறவர்கள் அந்த 90 நாளுக்காகவும் காத்திருக்க வேண்டாம். கார்டு கையில் வருவதற்கு முன்பே கொடுமை என்றால், சிட்டிசன் அல்லது கிரீன் கார்டு கணவரின் மனைவி தானே மனு போட்டுக்கொள்ள 1994-ம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது.

இன்னும் கேளுங்க. உள்ளே வந்து கார்டு வாங்கிவிட்ட மனைவியின் கார்டைக் கணவர் தன் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. விண்ணப்பத்தை மறுத்தாலும், இமிக்ரேஷன் நீதிபதி முன்னால் வாதாட வாய்ப்பு உண்டு. ஃபிளைட் டிக்கெட் கிழிக்கும் அதிகாரம் மாப்பிள்ளை கையில் இல்லை! அந்த ஐ-864 பத்திரம் ஞாபகம் இருக்கிறதா? விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு அவரை விடாது. மனைவி சிட்டிசன் ஆகும் வரை, அல்லது சுமார் பத்து வருஷ உழைப்புக் கணக்கு சேரும் வரை, அல்லது அந்த நாட்டை விட்டே போகும் வரை கூடவே வரும்.

இதையெல்லாம் டைப் செய்து அனுப்பினால் அவர் பார்த்துவிடுவாரே? அக்கா ஆபீஸில் இருந்த நேரமாகப் பார்த்து, அவளுடைய தோழி போனுக்கு அடித்து வாசித்துக் காட்டினேன். நடுவில் ஒரு தடவை, "திரும்பப் படி" என்றாள். படித்தேன். "அடிக்கல்லாம் இல்லடி. இது அதுல வருமா?" என்றாள். அது வக்கீல் சொல்ல வேண்டிய பதில், ஈ.சி.ஈ. மூன்றாம் வருஷம் சொல்லக் கூடாது. நியூ ஜெர்சியில் 1985 முதல் இயங்கும் 'மானவி', நியூயார்க்கில் 1989-ல் தொடங்கிய 'சகி' என்று நம் ஊர்ப் பெண்களுக்காக நடக்கும் அமைப்புகளின் பேரைச் சொன்னேன். அடுத்த இரண்டு வாரத்தில் தன் பேரில் ஒரு பேங்க் அக்கவுன்ட் திறந்துவிட்டாள். சம்பளம் இப்போது அதில். ஒரு வக்கீலோடு ஒரு மணி நேரம் பேசியிருக்கிறாள். பிரியப் போகிறாளா, சேர்ந்து கையெழுத்துப் போடப் போகிறாளா, இன்னும் முடிவு செய்யவில்லை. நானும் கேட்கவில்லை. பெரியம்மாவிடம் அவளே பேசிக்கொள்கிறேன் என்றிருக்கிறாள்.

எந்தக் கட்டத்தை டிக் அடித்தாலும், கல்யாணம் நிஜம் என்று காட்ட வேண்டும். வக்கீல் கேட்டது அதைத்தான்: பத்திரிகை, மண்டப ரசீது, பதிவுச் சான்றிதழ், சேர்ந்து வாழ்ந்ததற்கான பில்கள், போட்டோக்கள். பில்லெல்லாம் அக்கா பக்கம். போட்டோ என் பக்கம்.

நம்ம ஊர் கல்யாண ஆல்பத்தின் வெயிட் உங்களுக்கே தெரியும். போன சனிக்கிழமை அதை வண்டியில் முன்னாடி வைத்து ஓட்டிக்கொண்டு போய், காலேஜ் எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் போட ஆரம்பித்தேன். மாலை மாற்றுவது, தாலி கட்டுவது, அம்மி மிதிப்பது என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. நலங்கில் அவர் தலையில் அக்கா அப்பளம் உடைக்கிற போட்டோ வந்ததும், இதைப் போய் எப்படி என்று யோசித்து, போன் போட்டுக் கேட்டேன்.

"அதையும் ஸ்கேன் பண்ணுடி" என்றாள். "அன்னிக்கு நான் நிஜமாத்தான் சிரிச்சேன்."