நட்சத்திரம் மட்டும் போதாது!

தலைநகர் தில்லியின் மின்தேவை 2024-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் தேதி 8,656 மெகாவாட்டைத் தொட்டது. அந்நகரின் வரலாற்றில் அதற்கு முன்பு ஒரே நேரத்தில் அவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டதில்லை. அதற்கு இருபது நாள்களுக்கு முன்பு, மே 30-ஆம் தேதி, நாடு முழுவதற்குமான உச்ச மின்தேவை 2,50,000 மெகாவாட்டை எட்டியிருந்தது. இந்த உயர்வில் பெரும் பங்கு கோடை வெயிலுக்கும், இரவிலும் தணியாத வெக்கையில் வீடுகளில் இடைவிடாது ஓடிய குளிர்சாதனக் கருவிகளுக்கும் உண்டு.

இந்தப் பின்னணியில்தான், இனி ஏ.சி.க்களின் வெப்பநிலையை 20 டிகிரிக்குக் கீழேயும் 28 டிகிரிக்கு மேலேயும் வைக்க முடியாதபடி வரையறை கொண்டுவரப்படும் என்று மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் 2025 ஜூனில் அறிவித்தார். வீட்டுக்குள் எத்தனை டிகிரி குளிர் இருக்க வேண்டும் என்பதை அரசா தீர்மானிப்பது என்று ஒரு தரப்பும், மின்சாரத்தை வீணடிக்க யாருக்கும் உரிமையில்லை என்று மறுதரப்பும் வாதிட்டன. இரு தரப்பு வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால், விவாதம் முழுவதும் ரிமோட்டில் தெரியும் ஓர் எண்ணைச் சுற்றியே நடந்ததுதான் வேதனை. ஒரு வீடு எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்பதை அந்த எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்தக் கருவி வாங்கப்பட்டது, அதை யார் பொருத்தினார், யார் பராமரிக்கிறார், அந்த வீட்டின் கூரையும் சுவரும் எப்படிக் கட்டப்பட்டன என்பவையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். ஏ.சி. இன்னமும் இந்தியாவில் சிறுபான்மையினரின் வசதிதான். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2019 மார்ச்சில் வெளியிட்ட இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம், அப்போது சுமார் 8% குடும்பங்களிடம் மட்டுமே ஏ.சி. இருந்ததாகக் குறிப்பிட்டது. 45 டிகிரி வெயிலில் தகரக் கூரையின்கீழ் உறங்கும் குடும்பம் ஒரு ஏ.சி. வாங்க நினைப்பதை ஆடம்பரம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. முதியோர்க்கும் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் அது உயிர் காக்கும் கருவி. எனவே, மக்கள் ஏ.சி. வாங்காமல் தடுப்பது எப்படி என்பது கேள்வியல்ல. வரப்போகும் கோடிக்கணக்கான ஏ.சி.க்கள் எப்படிப்பட்டவையாக இருக்கப்போகின்றன என்பதுதான் கேள்வி.

இந்த விஷயத்தில் மத்திய அரசு எதுவுமே செய்யவில்லை என்று குற்றம் சாட்டுவது நியாயமாகாது. 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் உருவான எரிசக்தித் திறன் பணியகம், 2006-இல் நட்சத்திரக் குறியீட்டு முறையைத் தொடங்கியது. 2010-இல் சாதாரண ஏ.சி.க்களுக்கும், 2018-இல் இன்வெர்ட்டர் ஏ.சி.க்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. 2020 ஜனவரி 1 முதல் விற்பனைக்கு வரும் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏ.சி.க்கள், இயக்கியவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதியும் வந்தது. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் 6% மின்சாரம் மிச்சமாகும் என்பது பணியகத்தின் கணக்கு.

ஆனால், கடைக்குப் போகும் சாமானியர் அந்த நட்சத்திரங்களின் பொருளை அறிந்து வாங்குகிறாரா என்றால், இல்லை. நட்சத்திரத்துக்கான அளவுகோல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாக்கப்படுகிறது. முந்தைய அளவுகோலில் ஐந்து நட்சத்திரம் பெற்ற கருவி, புதிய அளவுகோலில் நான்கு நட்சத்திரமாக இறங்கக்கூடும். அதனால்தான் குறியீட்டுச் சீட்டில் அது செல்லுபடியாகும் காலம் அச்சிடப்பட்டிருக்கிறது. கிடங்கில் தேங்கிய பழைய சரக்கைத் தள்ளுபடி விலையில் தள்ளிவிடும் விற்பனையாளர் அந்த வரியைச் சுட்டிக்காட்டப் போவதில்லை.

சீட்டில் பார்க்க வேண்டியது நட்சத்திரங்களை மட்டுமல்ல. ஓராண்டுக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணையும்தான். அந்த எண் 1,600 மணி நேரப் பயன்பாட்டை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இரவு முழுவதும் ஏ.சி. ஓடும் வீட்டில் பயன்பாடு அதைத் தாண்டிவிடக்கூடும். 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அளவுகோலின்படி, ஐந்து நட்சத்திர ஸ்பிளிட் ஏ.சி.யின் பருவகாலத் திறன் எண் குறைந்தது 5.0-ஆக இருந்தது, மூன்று நட்சத்திரத்துக்கு அது 3.8-இல் தொடங்கியது. அதாவது, அதே குளிருக்கு ஏறத்தாழ கால் பங்கு மின்சாரம் குறைவு. நாள்தோறும் பல மணி நேரம் பயன்படுத்துபவருக்கு ஐந்து நட்சத்திரத்தின் கூடுதல் விலை சில கோடைகளில் திரும்பிவிடும். ஆண்டில் சில வாரம் மட்டும் பயன்படுத்துபவருக்குத் திரும்பாது. இந்த எளிய கணக்கைக்கூடச் சொல்லித்தர ஆளில்லை.

கருவியின் திறனைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கதைதான். ஒரு டன் என்பது கருவியின் எடையன்று. ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது உள்வாங்கும் வெப்பத்தின் அளவு. இன்றைய கணக்கில் சுமார் 3.5 கிலோவாட். சிறிய அறைக்குப் பெரிய ஏ.சி. வாங்கினால், காற்றில் உள்ள ஈரம் வடிவதற்கு முன்பே அறை குளிர்ந்து கருவி நின்றுவிடும். குளிரும் புழுக்கமும் சேர்ந்த ஒரு நிலைதான் மிஞ்சும். பெரிய அறைக்குச் சிறியது வாங்கினால் அது ஓய்வின்றி ஓடும். வெயில் நேராக இறங்கும் மேல்தளத்து அறைக்கும், நிழலில் இருக்கும் கீழ்த்தளத்து அறைக்கும் தேவை வேறு வேறு. இதையெல்லாம் கேட்டறிந்து பரிந்துரைக்கும் கடைகள் அரிது.

வட இந்தியாவின் நடுத்தர, ஏழைக் குடும்பங்களுக்குக் கைகொடுப்பது ஏர்கூலர்தான். தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் எளிய தத்துவம் அது. ஏ.சி. இழுக்கும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கே அதற்குப் போதும். மே, ஜூன் மாதங்களில் வீசும் 'லூ' எனும் வறண்ட அனல்காற்றில் அது நன்றாக வேலை செய்யும். ஜூலையில் பருவமழை வந்து காற்றில் ஈரம் ஏறியதும் கைவிட்டுவிடும். சென்னை போன்ற கடலோர நகரங்களில் அது பெரிதாக எடுபடாததற்கும் இதுவே காரணம். கூலருக்குப் பராமரிப்பு இன்னும் முக்கியம். தொட்டியில் வாரக்கணக்கில் தேங்கும் தண்ணீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு உற்பத்தியாகிறது. வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, உலரவிட்டு நிரப்ப வேண்டும். தில்லி மாநகராட்சி ஊழியர்கள் ஆண்டுதோறும் வீடு வீடாகச் சென்று கூலர்களைச் சோதித்து நோட்டீஸ் கொடுப்பது அதனால்தான்.

ஏ.சி. பராமரிப்பில் நடக்கும் ஏமாற்று பெரிது. "கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும்" என்பது கோடைதோறும் பல வீடுகளில் கேட்கும் வசனம். ஏ.சி.க்குள் இருக்கும் குளிரூட்டும் வாயு, அடுப்பு எரிவாயுவைப்போல் எரிந்து தீர்ந்துபோவதன்று. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. அளவு குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதற்கு ஒப்பானது. அடுத்த கோடையில் மீண்டும் அதே செலவு. பல நேரங்களில் குறைபாடு வாயுவில் இருக்காது. மாதக்கணக்கில் கழுவாத வடிகட்டியிலோ, தூசி படிந்த வெளிப்புறப் பெட்டியிலோ இருக்கும். பயன்படுத்தும் காலத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறை வடிகட்டியைத் தண்ணீரில் அலசி உலர்த்திப் பொருத்துவதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. வெளிப்புறப் பெட்டியைச் சுற்றிக் காற்றோட்டம் இருந்தாலே அதன் உழைப்பு பாதி குறைந்ததுபோல்தான்.

கசியும் வாயு வீட்டுக்காரரின் பணத்தை மட்டும் கரைக்கவில்லை. பழைய ஏ.சி.க்களில் உள்ள ஆர்-22 வாயு ஓசோன் படலத்தைச் சிதைப்பது. ஒரு கிலோ கசிந்தால் ஏறத்தாழ 1.8 டன் கரியமில வாயுவுக்கு இணையாகப் புவியைச் சூடாக்குவது. இன்று பரவலாக உள்ள ஆர்-32 ஓசோனைத் தொடுவதில்லை என்றாலும், கரியமில வாயுவைவிட 675 மடங்கு வெப்பமூட்டும் ஆற்றல் கொண்டது. 2016-இல் உருவான கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது. அதன்படி இந்தியா இவ்வகை வாயுக்களின் பயன்பாட்டை 2032 முதல் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கி, 2047-க்குள் 85% குறைத்தாக வேண்டும். உலக அரங்கில் அளிக்கப்பட்ட இந்த வாக்குறுதியை நிறைவேற்றப் போகிறவர், இரு சக்கர வாகனத்தில் பின்னால் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு வரும் பழுதுபார்ப்பவர்தான்.

அவருடைய நிலை என்ன? முறையான பயிற்சி இல்லை. நிரந்தர ஊதியம் இல்லை. கோடை முடிந்தால் வேலையும் இல்லை. ஆர்-32 மெல்ல எரியக்கூடியது; புவிக்கு மிகக் குறைந்த தீங்கு செய்யும் ஆர்-290, சமையல் வாயுவில் கலந்திருக்கும் அதே புரொப்பேன். இவற்றைக் கையாளப் பழகாத கைகள் தீப்பிழம்போடு குழாய்களைப் பற்றவைக்கின்றன. பாதுகாப்புக் கயிறுகூட இல்லாமல் மாடி விளிம்பில் தொங்கியபடி வெளிப்புறப் பெட்டியைப் பொருத்துகிறவர்களைத் தலைநகரில் எந்தக் கோடையிலும் பார்க்கலாம். 2022-23-க்குள் ஒரு லட்சம் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் வழங்குவதைக் குளிரூட்டல் செயல்திட்டம் இலக்காக அறிவித்தது. அந்த ஆண்டு கடந்துவிட்டது. சான்று பெற்றவர்கள் எத்தனை பேர், அவர்களில் நிறுவனங்களுக்கு வெளியே தெருவில் பணி செய்வோர் எத்தனை பேர், சான்றிதழால் அவர்களின் கூலி உயர்ந்ததா என்ற கணக்கை ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றத்தில் வைப்பது அரசின் கடமை.

கோடையைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் குளிர்காலத்தை மறந்துவிடுகிறார்கள். தில்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒவ்வொரு டிசம்பர், ஜனவரியிலும், மூடிய அறைக்குள் 'அங்கீட்டி' எனும் கரியடுப்பை மூட்டிவிட்டு உறங்கியவர்கள் விடியலில் பிணமாகக் கிடந்த செய்தி வருகிறது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடுகிறது. காற்று புகாத குளியலறையில் பொருத்தப்படும் எரிவாயு கீசரும் இதே ஆபத்தைச் சுமந்திருக்கிறது. இறப்பவர்களில் பலர் காவலாளிகள், கட்டுமானத் தொழிலாளர்கள், பிழைப்புக்காக வந்த குடும்பங்கள். காவலாளிகள் திறந்தவெளியில் தீ மூட்டாமலிருக்கக் குடியிருப்போர் சங்கங்கள் மின் ஹீட்டர் வழங்க வேண்டும் என்று தலைநகரின் காற்று மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டமே கூறுகிறது. அங்கே அக்கறை காற்றின் மீது. அந்தக் காவலாளி பணி முடிந்து திரும்பும் அறையில் என்ன எரிகிறது என்று யாரும் கேட்பதில்லை.

ஏ.சி.யானாலும் ஹீட்டரானாலும், அதன் சுமையைத் தீர்மானிப்பது கடைசியில் கட்டடம்தான். 2022-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எரிசக்திச் சேமிப்புத் திருத்தச் சட்டம், குடியிருப்புகளையும் ஆற்றல் சேமிப்பு விதிகளின் வரம்புக்குள் கொண்டுவந்தது. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால், 100 கிலோவாட்டோ அதற்கு மேலோ இணைப்புச் சுமை கொண்ட கட்டடங்களுக்கே அது பொருந்தும். பெரிய அடுக்குமாடிகள் அடங்கும். தில்லியின் அங்கீகாரமற்ற குடியிருப்புகளில் எழும் நான்கு மாடி வீடுகள் அடங்கா. வரம்பைக் குறைக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு. கட்டட விதிகளும் மாநிலங்களின், உள்ளாட்சிகளின் கையில்தான் இருக்கின்றன. தெலங்கானா 2023-இல் குளிர்க் கூரைக் கொள்கையை அறிவித்து வழிகாட்டியது. கூரையில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு, ஜன்னலுக்கு மேல் நிழல், எதிரெதிர்க் காற்றோட்டம் ஆகியவை விண்வெளி விஞ்ஞானம் அல்ல. நம் முன்னோர் கட்டிய வீடுகளில் இருந்தவைதான்.

வரிக் கொள்கையோ எதிர்த்திசையில் பார்க்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நடுத்தரக் குடும்பங்களுக்கு ஆறுதல்தான். ஆனால், ஒரு நட்சத்திரக் கருவிக்கும் ஐந்து நட்சத்திரக் கருவிக்கும் அதே 18 சதவீதம். ஒரு கையால் நட்சத்திரம் கொடுத்து மின்சாரத்தைச் சேமிக்கச் சொல்லும் அரசு, மறு கையால் விதிக்கும் வரியில் அந்த நட்சத்திரங்களை எண்ண மறுப்பது விந்தை. கூடுதல் திறன் கொண்ட கருவிக்கும், சாதாரண மின்விசிறியின் பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் சுழலும் பி.எல்.டி.சி. மின்விசிறிக்கும் வரியைக் குறைத்திருந்தால், உத்தரவு எதுவும் போடாமலேயே மக்கள் அந்தப் பக்கம் திரும்பியிருப்பார்கள்.

வாடகை வீட்டில் இருப்பவரின் சங்கடம் தனி. ஏ.சி.யை வாங்கிப் பொருத்துபவர் வீட்டு உரிமையாளர். மின்கட்டணம் செலுத்துபவர் குடியிருப்பவர். விலை மலிவான கருவியை வாங்குவதுதான் உரிமையாளருக்கு லாபம். பிறரின் முடிவுக்காகத் தாம் பணம் கட்டும் இந்த நிலையை, நட்சத்திரக் குறியீட்டைக் கருவியில் ஒட்டுவது மட்டும் மாற்றிவிடாது.

20 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது என்று விதி வகுப்பதில் தவறில்லை. ஆனால், மூடாத கதவும் கசியும் குழாயும் கொதிக்கும் கூரையும் உள்ள வீட்டில் 24 டிகிரியில் ஓடும் ஏ.சி.கூட வீண்தான். நட்சத்திரத்துக்கேற்ற வரி, பழுதுபார்ப்பவருக்கு ஊதியத்துடன் கூடிய பயிற்சி, சிறிய வீடுகளுக்கும் பொருந்தும் கட்டட விதி, குளிர்காலத்தில் ஏழைகளின் அறைக்குப் பாதுகாப்பான வெப்பம் ஆகிய நான்கையும் தள்ளிப்போட்டுவிட்டு, ரிமோட்டை மட்டும் கட்டுப்படுத்த முனைவது நோயை விட்டுவிட்டு வெப்பமானியைத் திருத்துவதற்குச் சமம். அடுத்த கோடை யாருக்காகவும் காத்திருக்கப் போவதில்லை. அரசு இப்போதே விழித்துக்கொள்ள வேண்டும்!