ஒரே சாவி; பழி யாருக்கு?

திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். முதலாளி, கணக்குப்பிள்ளை, சரக்கு அனுப்பும் தம்பி, ஆர்டர் பார்க்கும் தங்கை, இந்த நால்வருக்கும் ஒரே மின்னஞ்சல், ஒரே பாஸ்வேர்டு! ஒருநாள் அது திருடன் கைக்குப் போகிறது. "எங்கள் பாங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தைப் புதிய கணக்கில் கட்டுங்கள்" என்று கம்பெனியின் பெயரிலேயே வியாபாரிக்குக் கடிதம் பறக்கிறது. பணமும் பறக்கிறது.

முதலாளியின் சந்தேகம் யார் மீது பாயும்? முகம் தெரியாத திருடன் மீதா? இல்லை, தோழர்களே! மாதச் சம்பளம் வாங்கும் கணக்குப்பிள்ளை மீது பாயும். நான்கு பேருக்கும் தெரிந்த ரகசியத்தை வெளியே விட்டது தானல்ல என்று அந்த ஏழை எப்படி மெய்ப்பிப்பான்?

பாஸ்வேர்டு நேற்று முளைத்த பூட்டல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், பலர் பங்கிட்டுக்கொண்ட கம்ப்யூட்டருக்காக 1961 வாக்கில் வந்த ஏற்பாடு அது. 1962-லேயே அங்கிருந்த மாணவர் ஒருவர் பாஸ்வேர்டுப் பட்டியலை அச்சடித்து எடுத்துவிட்டார்! 2009-ல் ராக்யூ என்ற கம்பெனியிலிருந்து 3 கோடிக்கு மேற்பட்ட பாஸ்வேர்டுகள் களவு போயின. அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்தது எது தெரியுமா? 123456!

"சின்னக் கம்பெனிக்குத் திருடன் ஏன் வருகிறான்?" என்பார் முதலாளி. திருடன் வருவதில்லை, ஐயா. அவனுடைய எந்திரம் வருகிறது. ஓரிடத்தில் களவாடிய பாஸ்வேர்டை ஆயிரம் கதவுகளில் போட்டுப் பார்க்கிறது.

இதற்கு மாற்று இருக்கிறது. பாஸ்கீ என்று பெயர். 2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் இதற்குக் கைகொடுப்பதாக அறிவித்தன. 2023-ல் கூகுள் கணக்குகளுக்கு வந்துவிட்டது. தனிக் கட்டணம் கிடையாது. ரகசியச் சாவி தொழிலாளியிடம் இருக்கும். அதற்கு இணையான பூட்டு மட்டுமே மின்னஞ்சல் நிறுவனத்திடம் இருக்கும். பூட்டைக் களவாடிச் சாவி செய்ய முடியாது. போலி வலைத்தளத்தில் அந்தச் சாவி திரும்பவே திரும்பாது. ஓ.டி.பி.யை ஏமாற்றிக் கேட்டு வாங்கலாம். இதில் வாய்விட்டுச் சொல்ல எண்ணே இல்லை!

"கைரேகை முதலாளியிடம் போய்விடுமோ?" என்று அஞ்ச வேண்டாம். ரேகை போனைத் திறக்க மட்டுமே. அதைவிட்டு வெளியே போவதில்லை.

ஆகவே, தொழிலாளர் கேட்க வேண்டியவை இவை. ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு சாவி வேண்டும். ஒருவர் வேலையை விட்டால் அவர் சாவியை மட்டும் நீக்கினால் போதும். தொழிலாளியின் சொந்தப் போனைக் கட்டாயப்படுத்தக் கூடாது, யு.எஸ்.பி. சாவியை முதலாளி வாங்கித் தரட்டும். தறிக்கு எண்ணெய் தொழிலாளியா வாங்குகிறான்? ஒன்று தொலைந்தால் உதவ, மாற்றுச் சாவியும் வேண்டும். பழைய பாஸ்வேர்டை விட்டுவைத்தால் அது கொல்லைப்புறக் கதவு. அதையும் அடைக்க வேண்டும்.

பாஸ்கீ எல்லா மோசடியையும் ஒழித்துவிடாது. கணக்கு எண் மாறியதாகக் கடிதம் வந்தால், தெரிந்த எண்ணில் பேசி உறுதி செய்த பிறகே பணம் கட்ட வேண்டும். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

பூட்டைச் சரிசெய்வது முதலாளியின் கடமை. அதைச் செய்யாமல் தொழிலாளியின் நாணயத்தைச் சந்தேகிக்க எவருக்கும் உரிமையில்லை!