ஸ்பீக்கரில் பேசும் மாரீசன்

பாலுசெட்டிசத்திரத்தில் பெங்களூரு நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் எங்கள் திருப்புட்குழி. மழை ஓய்ந்த இராத்திரிகளில் தறியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தால், வயல் பக்கம் காடை கத்துவது கேட்கும். சில இரவுகளில் அந்தச் சத்தத்தில் ஒரு கோளாறு தெரியும். ஒரே அளவு, ஒரே இடைவெளி, ஒரே இடம். மணிக்கணக்கில் மூச்சு வாங்காமல் கத்தும். ஆயுசு முழுக்கப் பட்டு நெய்தவனுக்கு இது பிடிபடாதா? ஜக்கார்டு அட்டை ஒரே பூவைத் திரும்பத் திரும்பப் போடுவதுபோல, மெமரி கார்டில் ஏற்றிய ஒரே குரல் திரும்பத் திரும்ப ஓடுகிறது. கத்துவது காடை இல்லை, வரப்பில் வைத்த ஸ்பீக்கர்.

செய்முறை எளிது. கைக்கு அடக்கமான ஸ்பீக்கர், பேட்டரி, இணையத்திலிருந்து இறக்கிய பறவைக் குரல், சுற்றிலும் வலை. இருட்டியதும் ஓடவிட்டுப் போய்விடுகிறார்கள். விடிவதற்குள் நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள். காடைக்கு ஒரு குரல், கானாங்கோழிக்கு ஒரு குரல், விடியற்காலைக் கவுதாரிக்கு இன்னொரு குரல். பறவைகள் ஏன் வருகின்றன? தன் எல்லைக்குள் வேறொன்று புகுந்துவிட்டதென்று விரட்ட வருகிறது ஆண். துணை கூப்பிடுகிறது என்று வருகிறது பெட்டை. இரவில் வலசை போகும் காடைக்கோ, தன் இனத்தின் குரல் கேட்கும் இடம் நம்பி இறங்கத் தகுந்த இடம். முட்டையிட்டுப் பெருக வேண்டியவைதான் முதலில் வலையில் விழுகின்றன.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த வித்தை புதிதில்லை. இராவணனோடு போராடி விழுந்த ஜடாயுவுக்கு இராமன் மகனாக நின்று ஈமக்கடன் செய்த தலம் இது என்கிறது எங்கள் தலபுராணம். விஜயராகவப் பெருமாள் கோயில் குளத்துக்குப் பெயரே ஜடாயு தீர்த்தம். ஜடாயுவின் சாவு எங்கே தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள். அம்பு பட்ட மாரீசன், இராமன் குரலில் அலறினானே, அங்கே. கணவன் குரல் என்று நினைத்து இலக்குவனை விரட்டி அனுப்பினாள் சீதை. அதன் பிறகுதான் இராவணன் வந்தான், அதன் பிறகுதான் ஜடாயுவின் சிறகு வெட்டுப்பட்டது. வாளுக்கு முன்னால் வேலை செய்த ஆயுதம், களவாடிய குரல். பறவை ஒன்றுக்குப் பிள்ளைக்கடன் கழித்த மண்ணில் அதே ஆயுதம் இன்று பறவைகள் மேலேயே திரும்பியிருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சுட்டுக் கொல்வது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும் பிடிப்பதும் ஆசை காட்டி வரவழைப்பதும் வேட்டைதான். 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, சாதாரணக் குற்றத்துக்கே 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குள்ளநரி போல அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் என்றால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை. வேட்டைக்குப் பயன்பட்ட கருவி அரசு உடைமையாகிவிடும். ஆனால் நடைமுறையில் வலையோடு பிடிபட்டால்தான் வழக்கு. வலையைச் சுருட்டிச் சாக்கில் போட்டுவிட்டால் மிஞ்சுவது ஒரு செல்போன். செல்போனில் காடைக் குரல் வைத்திருப்பது குற்றமா என்று கேட்டால் யார் என்ன சொல்வது?

வெளிநாடுகள் குரலை ஓடவிடும் கருவியைப் பெயர் சொல்லியே தடுத்திருக்கின்றன. ஐரோப்பிய நாடுகள் 1979-இல் கொண்டுவந்த பறவைகள் பாதுகாப்பு ஆணையில், வலை, கண்ணி, ஒட்டுப்பசை ஆகியவற்றோடு டேப் ரெக்கார்டரும் தடைப்பட்டியலில் இருக்கிறது. அமெரிக்கக் கதை இன்னும் சுவையானது. அங்கே நம் குள்ளநரிக்கு உறவான கயோட்டியைப் பல மாநிலங்களில் மின்னணு அழைப்பான் வைத்து வேட்டையாடுகிறார்கள். இரவு வேட்டைக்கு அனுமதி தரும் மாநிலங்களும் உண்டு. அடிபட்ட முயலின் அலறலை ரிமோட்டில் ஓடவிட்டு, பசியோடு ஓடி வருவதைச் சுடுவார்கள். ஆட்டையும் கன்றையும் கொல்கிறது என்பது அவர்கள் சொல்லும் நியாயம். அதே நாட்டில் வலசை வரும் வாத்தையோ புறாவையோ பதிவு செய்த குரலால் அழைத்துச் சுடுவதை, சில விதிவிலக்குகள் தவிர, மத்திய அரசு விதி தடுக்கிறது. துப்பாக்கிக்கு அத்தனை இடம் கொடுத்த தேசத்துக்கே இது அத்துமீறல் என்று பட்டிருக்கிறது. நம் காடை எந்த ஆட்டைக் கொன்றது? பூச்சியையும் களைவிதையையும் தின்று வரப்போரம் ஒதுங்கி வாழ்கிறது.

“காலங்காலமாகப் பிடித்துத் தின்றதுதானே” என்பார்கள். உண்மைதான். கூண்டில் பழக்கிய கவுதாரியை வைத்துக் காட்டுக் கவுதாரியைப் பிடித்தவர்களையும், வாயாலேயே நரிபோல் ஊளையிட்டு நரியை வரவழைத்தவர்களையும் நான் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அவர்கள் தொண்டை வறண்டால் வேட்டை முடிந்தது. பிடித்தது அவர்கள் அடுப்புக்குப் போனது. ஸ்பீக்கருக்குத் தொண்டை வறளாது. பிடித்தது சாலையோரச் சாப்பாட்டுக் கடைக்குப் போகிறது. தென்னிந்திய வயல்வெளி ஏரிகளைப் பற்றி 2017-இல் ‘ஆம்பியோ’ ஆய்விதழில் வந்த கட்டுரை, வேட்டையால் நீர்ப்பறவைகள் பெருமளவு குறைகின்றன என்றது. அது வீட்டுப் பசிக்கான வேட்டையல்ல, சந்தைக்கான வேட்டை என்றும் சொன்னது.

படமெடுக்க வரும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு நல்ல படத்துக்காகச் செல்போனில் குரலை ஓடவிட்டு, கூட்டிலிருக்கும் பறவையைக் கிளைக்கு வரவழைக்கிறீர்கள். வலை இல்லை என்பதைத் தவிர அதில் வேறு வித்தியாசம் இல்லை. அது கூட்டை விட்டு வந்த நேரத்தில் முட்டையைக் காக்கைதான் பார்த்துக்கொள்ளும்.

இந்தச் சீமைக்கு இதைவிட நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் கொடுத்தார். வனத்துறை என்று ஒன்று பிறப்பதற்கு முன்பே குடியானவர்கள் கேட்டு வாங்கிய பாதுகாப்பு அது.

இன்று நாம் கேட்க வேண்டியவை மூன்று. பறவை, விலங்குக் குரல்களை ஒலிபரப்பி வேட்டையாடுவதைத் தமிழக அரசு பெயர் குறிப்பிட்டுத் தடை செய்து ஆணையிட வேண்டும். நெடுஞ்சாலைக் கடைகளில் ‘காட்டுக் காடை’, ‘காட்டுக் கவுதாரி’ என்று விற்பதை வனத்துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து சோதிக்க வேண்டும். ஒவ்வோர் ஊராட்சியும் கிராம சபையில் தன் ஏரிக்கும் வயலுக்கும் ஒரு தீர்மானம் போட வேண்டும். நீங்கள் செய்யக் கூடியது இன்னும் சுலபம்: பண்ணைக் காடை தாராளமாகக் கிடைக்கிறது, காட்டுக் காடை என்று தட்டில் வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாங்குகிறவர் இல்லாத ஊரில் இரவெல்லாம் ஸ்பீக்கருக்குப் பேட்டரி போட எவரும் மெனக்கெட மாட்டார்கள்.