மறைத்து வைத்தால் பாதுகாப்பா?

தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம்... எந்த ஊரில் வேண்டுமானாலும் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். "பென் டிரைவ்ல இருந்ததெல்லாம் காணோம்ணே" என்று ஒரு காலேஜ் பையன் வருவான். கடைக்காரர் வாங்கிச் சொருகிப் பார்ப்பார். "வைரஸ் தம்பி. பார்மட் தான் போடணும்" என்பார். பையனும் தலையாட்டுவான். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. அவனுடைய பிராஜெக்டும் முடிந்தது!

வயிற்றெரிச்சல் என்னவென்றால், பல நேரங்களில் அந்த பென் டிரைவில் இருந்த எதையும் வைரஸ் அழித்திருக்காது. எல்லாம் உள்ளேயே பத்திரமாக இருந்திருக்கும். அழித்தது பார்மட்.

எப்படி என்று பார்ப்போம். விண்டோஸில் ஒவ்வொரு பைலுக்கும் போல்டருக்கும் சில குணங்கள் உண்டு. டாஸ் காலத்தில் இருந்தே வருகிற விஷயம் இது. அதில் ஒன்று 'ஹிட்டன்', இன்னொன்று 'சிஸ்டம்'. பென் டிரைவில் பரவுகிற ஷார்ட்கட் வைரஸ் செய்வது ரொம்ப எளிமையான திருட்டு. உங்கள் போல்டர்களுக்கு இந்த இரண்டு முத்திரைகளையும் குத்திவிடும். அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வெளியே வைத்துவிடும். நீங்கள் போல்டர் என்று நினைத்து அதைக் கிளிக் செய்தால் வைரஸ் ஓடும். சில சமயம் ஷார்ட்கட்டை ஆண்டிவைரஸ் தூக்கிவிடும். அப்போது டிரைவ் காலியாகத் தெரியும். ஆனால் பிராப்பர்டீஸில் போய்ப் பாருங்கள், 3 ஜிபி நிரம்பியிருக்கிறது என்று காட்டும். காலி டிரைவில் ஏதப்பா 3 ஜிபி?

இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்திருந்தால் பார்மட் போட விட்டிருப்போமா?

மீட்கும் வழியும் பெரிய வித்தை இல்லை:

1. போல்டர் ஆப்ஷன்ஸ் திறந்து, வியூ பகுதிக்குப் போங்கள். மறைந்த பைல்களைக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது மட்டும் போதாது. 'பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் பைல்களை மறை' என்ற டிக்கையும் எடுக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

2. இப்போது உங்கள் போல்டர்கள் மங்கலாகத் தெரியும். ரைட் கிளிக் செய்து ஹிட்டனை எடுக்கலாம் என்று போனால் அந்தக் கட்டம் அமுங்காது. சிஸ்டம் முத்திரையும் சேர்ந்து இருப்பதுதான் காரணம்.

3. கமாண்ட் பிராம்ப்டில் 'அட்ரிப்' கட்டளையைப் பயன்படுத்துங்கள். மைனஸ் எச், மைனஸ் எஸ் இரண்டையும் ஒரே கட்டளையில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்தால் கேட்காது. பழையபடி எல்லாம் வந்துவிடும்.

4. முதல் வேலையாக முக்கியமானதை வேறு இடத்தில் காப்பி எடுங்கள். அதன் பிறகு ஸ்கேன், பார்மட் எதையும் செய்யுங்கள்.

சரி, கடைக்காரரைத் திட்டவா இந்தக் கட்டுரை? இல்லை. என் கோபம் அவர் மேல் அல்ல. 'மறைத்து வைத்தால் பாதுகாப்பு' என்று நமக்குச் சொல்லிக் கொடுத்த அந்த எண்ணத்தின் மேல்தான்.

விண்டோஸை எடுத்துக் கொள்ளுங்கள். தெரிந்த பைல் வகைகளின் எக்ஸ்டென்ஷனை, அதாவது பெயரின் கடைசி வாலை, மறைத்து வைப்பதுதான் அதன் வழக்கம். 2000ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி 'ஐ லவ் யூ' வைரஸ் உலகத்தையே ஆட்டி வைத்தது ஞாபகம் இருக்கலாம். காதல் கடிதம் என்று வந்த அந்த பைலின் பெயர் 'டாட் டிஎக்ஸ்டி' என்று முடிவது போலத் தெரிந்தது. நிஜ வால் 'டாட் விபிஎஸ்'. அதை விண்டோஸே மறைத்துக் கொடுத்தது! வெறும் டெக்ஸ்ட் என்று நம்பித் திறந்தவர்கள் மாட்டிக் கொண்டார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. விண்டோஸ் 11லும் அந்த டிக் அப்படியே இருக்கிறது. திருடன் வரும்போது வாசல் விளக்கை அணைத்து வைக்கிற வீட்டுக்காரரை என்ன சொல்வது?

அடுத்தது சோனி பிஎம்ஜி கதை. 2005 அக்டோபர் 31 அன்று மார்க் ரஸ்ஸினோவிச் என்ற நிபுணர் ஒரு விஷயத்தை வெளியே கொண்டு வந்தார். பாட்டு சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டால், காப்பி எடுப்பதைத் தடுக்கும் ஒரு மென்பொருள் உள்ளே போய் ஒளிந்து கொள்கிறது. பெயரில் ஒரு குறிப்பிட்ட முன்னொட்டு இருக்கும் எந்த பைலையும் அது கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடும். வைரஸ் எழுதுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? அதே முன்னொட்டை வைத்துக் கொண்டு அவர்களும் உள்ளே ஒளிந்தார்கள். மறைவிடம் என்று ஒன்று இருந்தால் அது கட்டியவனுக்கு மட்டும் பயன்படாது.

"எல்லாவற்றையும் காட்டினால் தெரியாதவர்கள் அழித்துவிடுவார்களே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டாஸ், விண்டோஸ் 98 காலத்தில் இது உண்மைதான். ஆனால் விஸ்டாவில் இருந்தே முக்கியமான சிஸ்டம் பைல்களுக்குத் தனிப் பூட்டு உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டர் அழிக்கப் பார்த்தாலும் அனுமதி இல்லை என்று சொல்லிவிடும். காப்பாற்றுவது அந்தப் பூட்டுதான், திரை அல்ல. அழித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் சொல்லிக் கொடுங்கள். கண்ணைக் கட்டாதீர்கள்.

தெரியாமல் இருப்பதால் வரும் நஷ்டம் அதைவிடப் பெரியது. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று கொடுக்கிறோம். கடையில் டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் காப்பி எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுகிறார்கள். 'ஆப் டேட்டா' என்ற மறைந்த போல்டரை யாரும் தொடுவதில்லை. பிரவுசர் புக்மார்க், மென்பொருட்களின் செட்டிங்ஸ் எல்லாம் இருப்பது அங்கேதான். எக்ஸ்பி காலத்தில் அவுட்லுக் எக்ஸ்பிரஸின் மெயில்களும் இப்படி ஒரு மறைந்த போல்டரில்தான் இருந்தன. ஒரு பார்மட்டில் பல வருஷக் கடிதங்கள் போய்விடும். உங்கள் பொருள், உங்கள் வீட்டுக்குள்ளேயே, உங்களுக்குத் தெரியாத அறையில்!

நம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க ரொம்பக் கஷ்டப்பட வேண்டாம். பெரியாறு அணை 1895ல் முடிந்தது. அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத்தான் நமக்கு வருகிறது. அந்தச் சுரங்கத்துக்குள் நம்மில் எத்தனை பேர் போயிருப்போம்? தேக்கடி ஷட்டரைத் திருகும் வேலை நம்முடையதும் இல்லை. ஆனாலும் அது எங்கே இருக்கிறது, எதற்கு இருக்கிறது என்று வயலில் நாற்று நடும் அக்காவுக்கும் தெரியும். இன்று நீர்மட்டம் எத்தனை அடி என்று டீக்கடையில் பேப்பர் படிக்கும் பெரியவர் சொல்லிவிடுவார். 2014 மே 7ல் உச்ச நீதிமன்றம் 142 அடி என்று சொன்னதும் அவருக்குத் தெரியும். தொடத் தேவையில்லை, தெரிந்திருக்க வேண்டும். சிஸ்டம் போல்டரும் அப்படித்தான்.

கடைசியாக ஒரு விஷயம். 2011 செப்டம்பர் 15ல் தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். லினக்ஸில் மறைப்பது என்றால் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி, அவ்வளவுதான். பெரும்பாலான பைல் மேனேஜர்களில் கண்ட்ரோலும் எச்சும் அமுக்கினால் தெரிந்துவிடும். எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள்? பெட்டியைக் கொடுத்தோம், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. 2025 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தார்கள். ரொம்ப சந்தோஷம். கூடவே ஒரே ஒரு பீரியட் கொடுங்கள் ஐயா. மறைந்த பைலைப் பார்ப்பது எப்படி, எதைத் தொடக் கூடாது, பார்மட்டுக்கு முன்னால் எதைக் காப்பி எடுக்க வேண்டும்... இந்த மூன்று போதும்.

அதுவரைக்கும் நாமே செய்ய வேண்டியது இரண்டு. எக்ஸ்டென்ஷனை மறைக்கும் டிக்கை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சிஸ்டம் பைல்களை மறைக்கும் டிக் வேலை இல்லாத நேரத்தில் இருந்துவிட்டுப் போகட்டும், அதை எடுக்கத் தெரிந்தால் சரி. அப்புறம் "பார்மட் தான் போடணும்" என்று யாராவது சொன்னால், "அண்ணே, முதல்ல ஹிட்டன் பைல் காட்டுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இரண்டு டிக்தான். ஒரு வருஷ உழைப்பு திரும்பக் கிடைக்கலாம்.