கேமராவைப் பார்த்ததும் ‘எந்த ஏரியா நீ?’

2021 ஆகஸ்டில், புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவர் விரலால் சுரண்டினாலே பொலபொலவென்று உதிர்வதைத் தமிழ்நாடே பார்த்தது. பேசின் பிரிட்ஜுக்குப் பக்கம்தான். படங்களும் வீடியோக்களும் பரவிய பிறகு ஐஐடி குழு ஆய்வுக்கு வந்தது, பொறியாளர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். வெறும் மனுவாக எழுதிக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் கட்டடத்தைப் படமெடுக்கும் உரிமை நமக்கு முக்கியம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52, கட்டடத்தைப் படமெடுப்பதும் வெளியிடுவதும் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று தெளிவாகவே சொல்கிறது. கட்டியவரிடமோ உரிமையாளரிடமோ அதற்காக அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆனால் தெருவில் கேள்வி வேறு. ஞாயிற்றுக்கிழமை விலையுயர்ந்த கேமராவோடு வந்து, 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தைப் படமெடுப்பவர் கலைஞர். பேசின் பாலத்தில் நின்று செல்போனில் மின்நிலையத்தை எடுக்கும் நம் பையனிடம் ‘எந்த ஏரியா நீ, டெலீட் பண்ணு’ என்பார்கள்.

அதற்குத் துணையாக இழுக்கப்படுவது 1923-ஆம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது. நாட்டுக்குத் தீங்கு செய்யும் நோக்கத்தோடு ‘தடைசெய்யப்பட்ட இடத்தை’ வரைவதும் அதன் பக்கம் போவதும் குற்றம் என்கிறது. அந்த நோக்கத்தை எப்படி அறிவது? ஆளின் ‘அறியப்பட்ட நடத்தையை’ வைத்தும் முடிவுசெய்யலாமாம். குற்றப்பரம்பரைச் சட்டம் போனாலும் அதன் மூளை இந்த ஒரு வரியில் உயிரோடு இருக்கிறது. ஒரு சேரிப் பையனின் ‘அறியப்பட்ட நடத்தை’யை எழுதுவது யார்?

இதே சட்டத்தில் நமக்கு உதவும் பகுதியும் உண்டு. ராணுவ இடங்கள் தனி. ஆனால் ரயில்பாதை, சாலை, மின்நிலையம் போன்றவை தானாகவே தடைசெய்யப்பட்ட இடமாகிவிடாது. ஒன்றிய அரசு அரசிதழில் அறிவித்து, அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலும் அந்தப் பகுதி மக்களின் மொழியிலும் அங்கேயே ஒட்டியிருக்க வேண்டும். தமிழில் பலகை எங்கே என்று கேளுங்கள். காவல் நிலையம்கூட இந்தச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட இடமல்ல என்று 2022-இல் மும்பை உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு சொல்லிவிட்டது.

தண்டவாளத்தில் இறங்காதீர்கள், அது ரயில்வே சட்டப்படி அத்துமீறல். கட்டடத்தின் முன் உட்கார்ந்திருக்கும் அம்மாவைக் கேட்காமல் எடுக்காதீர்கள், நம் வறுமையை அப்படி எடுத்துப் போனவர்கள் ஏராளம். போனைப் பறிமுதல் செய்தால் காவலர் அதைப் பதிவுசெய்து நீதித்துறை நடுவருக்குத் தெரிவித்தாக வேண்டும். நடுத்தெருவில் படத்தை அழிக்கச் சொல்லும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் அவருக்குத் தரவில்லை. சென்னை மாநகரக் காவல்துறை இதைத் தமிழில் சுற்றறிக்கையாக எழுதி, தன் எல்லா நிலையங்களுக்கும் அனுப்பட்டும்.