வீட்டுப் பாடத்துக்கு ஒரு கொப்பி

மீரியபெத்தவை அடுத்த தோட்டமொன்றிலிருந்து ஒரு கத்தோலிக்கத் தாய் எழுதிய கடிதம் சென்ற வாரம் என் கைக்குக் கிடைத்தது. பகலெல்லாம் கொழுந்தெடுத்த களைப்போடு இரவில் எழுதியது என்று அவரே குறிப்பிட்டிருந்தார்.

"ஐயா, என் மகனுக்கு ஒன்பது வயது. மழை தொடங்கினால் அவனை வெளியே அனுப்ப மனம் வருவதில்லை. வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கலாமா? அமெரிக்காவில் கத்தோலிக்கப் பெற்றோர் வீட்டுக் கல்விக்கென்று பாடத்திட்ட நாட்குறிப்பு வைத்திருக்கிறார்களாம். உறவினர் ஒருவர் அதன் படத்தை அனுப்பியிருக்கிறார். அதை வாங்கலாமா? வேறு எந்த நூல்கள் வேண்டும்?" என்பது அவர் கேள்வி.

சைவனாகிய என்னிடம் இதைக் கேட்பானேன் என்று சிலர் எண்ணலாம். பிள்ளைக்குப் பாடம் வகுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். சமயம் வேறாயினும் தாயின் கவலை ஒன்றுதான். ஆகவே பதில் எழுதுகிறேன்.

அம்மா, முதலில் உங்கள் அச்சத்தைப் பற்றிப் பேசுவோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை ஏழரை மணியளவில் மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியதை நீங்கள் என்னைவிட நன்கறிவீர்கள். அன்று பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் அதனாலேயே பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது வீடில்லை. 2025 நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளியின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவால் துயருற்றது. சரிவில் நிற்கும் லயம் பாடசாலையைவிடப் பத்திரமான இடம் என்று எண்ணிவிடாதீர்கள். அபாய அறிவிப்பு வந்தால் குடும்பத்தோடு வெளியேறுங்கள். அன்று பாடம் வேண்டாம். மற்ற நாள்களில் மகன் பாடசாலைக்கே போகட்டும். நம் நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதும் நினைவிருக்கட்டும்.

அப்படியானால் வீட்டுப் படிப்பு எதற்கு? பாடசாலை மூடப்படும் நாள்களுக்காக. அங்கே கிடைக்காத பாடத்துக்காக. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் பாடங்கள் வந்தன. தோட்டத்தில் பல வீடுகளுக்கு அவை எட்டவில்லை. அங்கே பிள்ளையின் கையில் எஞ்சி நின்றது பாடநூல் ஒன்றே. மேலும், இந்துப் பிள்ளைகள் மிகுதியாகப் படிக்கும் தோட்டப் பாடசாலையில் கத்தோலிக்க சமயம் கற்பிக்க ஆசிரியர் இல்லாதிருப்பதும் உண்டு. சாதாரண தரப் பரீட்சைக்கோ சமயம் கட்டாய பாடம். இந்தக் குறையை வீடுதான் நிரப்பவேண்டும்.

குருவானவர் இல்லாத ஊரில் வீடே மறைக்கல்விக் கூடமாவது இத்தீவுக் கத்தோலிக்கருக்குப் புதிதன்று. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருமாருக்கு இடமளிக்கவில்லை. 1687இல் யோசேப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை, குருமாரின்றியே பல குடும்பங்கள் செபங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக் காத்துவந்தன. பின்னர் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதித் தந்தார். வாஸ் அடிகளார் 2015 ஜனவரியில் கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்டார். அந்த நாள் தாய்மாருக்குப் பாடத்திட்டம் விற்பார் எவருமில்லை. மனப்பாடமாய்த் தெரிந்த சிலவற்றை நாள்தோறும் தவறாமல் சொல்லிக் கொடுத்ததே அவர்கள் திட்டம்.

இனி நூல்கள். நான்கு போதும். முதலாவது, அரசாங்கம் 1980 முதல் இலவசமாக வழங்கிவரும் பாடநூல்கள். அவற்றுள் கத்தோலிக்க சமயத்துக்கும் தமிழில் நூல் உண்டு. இரண்டாவது, சின்னக் குறிப்பிடம். வினாவும் விடையுமாக அமைந்த நூல் பிள்ளையின் நாவில் எளிதில் ஏறும். என் தாயார் ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையை அப்படித்தான் எனக்கு ஏற்றினார். மூன்றாவது, வீட்டிலுள்ள திருவிவிலியம். நான்காவது, வாய்விட்டுச் சிரித்து வாசிக்க வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை. அமெரிக்காவில் 1885இல் வெளிவந்த பால்டிமோர் மறைக்கல்வி நூலை அங்குள்ளோர் போற்றுவர். தமிழில் செபிக்கும் பிள்ளை தமிழிலேயே முதலில் கற்கட்டும். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழருக்கென்றே தமிழ் எழுத்தில் அச்சிட்ட மறைக்கல்வி நூல். அது பதினாறே பக்கம்!

அந்த வெளிநாட்டு நாட்குறிப்பை வாங்கவேண்டாம். அவர்களுடைய பள்ளியாண்டும் விடுமுறையும் வேறு. நம் மழையும் கொழுந்தும் அதில் இல்லை. கடையில் ஒரு கொப்பி வாங்குங்கள். வாரத்துக்கு இரண்டு பக்கம். இடப்பக்கத்தில் திருச்சபையின் காலத்தை எழுதுங்கள்: நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகள், விபூதிப் புதன், தபசு காலம், உயிர்ப்பு ஞாயிறு, மடுமாதாவின் ஆவணித் திருவிழா. அவ்வப்போது வாசிக்கும் விவிலியப் பகுதியும் செபமும் அந்தக் காலத்துக்கு இசைந்திருக்கட்டும். வலப்பக்கம் பாடத்துக்கு. செய்ய எண்ணியதைப் பென்சிலால் எழுதுங்கள். செய்து முடித்ததைப் பேனையால் எழுதுங்கள். பென்சில் மட்டும் நிற்கும் வரி அடுத்த வாரத்துக்குப் போகும். அதற்காகப் பிள்ளையை ஏசவேண்டாம்.

வாரத்தில் நான்கு நாளுக்கு மட்டும் பாடம் வகுங்கள். ஐந்தாம் நாளைக் காய்ச்சலுக்கும் கடும் மழைக்கும் விட்டுவையுங்கள். ஒருநாளைக்கு ஒரு மணிநேரம் போதும்: கால்மணி மறைக்கல்வி, அரைமணி கணிதம், கால்மணி உரக்க வாசிப்பு. நீங்கள் மலையிலிருந்து களைத்து வரும் நாளில் அப்பாயி கேட்கட்டும், பையன் வாசிக்கட்டும். எழுத்தறியாத அப்பாயிக்கும் செபம் தெரியும். பேரன் தவறவிட்டால் திருத்துவார்.

மழைக்காலத்தில் இந்தக் கொப்பியையும் பாடநூல்களையும், பிறப்புச் சான்றிதழோடு ஒரு பொலித்தீன் பையில் கட்டிக் கதவருகே வையுங்கள். இரவில் எழுந்து ஓட நேர்ந்தால் பிள்ளையை ஒரு கையிலும் பையை மறுகையிலும் எடுக்கலாம். போய்ச் சேரும் இடம் பாடசாலை மண்டபமாயினும் கோவிலாயினும், மறுநாள் அந்தக் கொப்பியைத் திறந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.