ஜீப்பைத் தூக்கணுமா பாஸ்?

வாசுதேவநல்லூர் மலையடிவாரத் தோப்புகளுக்கு ஓடுற பழைய மஹிந்திரா ஜீப்பைப் பார்த்ததும், 'இன்னும் கொஞ்சம் தூக்கினா செம கெத்து'னு தோணுதா? பழைய இரும்புக் கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு.

ஷேக்கிளை 2 இன்ச் நீட்டினா, வண்டி ஏறுறது 1 இன்ச்தான். ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கிற ஸ்பிரிங் பட்டையை மேலே மாத்தினா சுமார் 4 இன்ச் ஏறும். ஆனா, கல்லுல இடிக்கிற டிஃபரன்ஷியல் ஒரு நூல்கூட ஏறாது! அதை ஏத்த பெரிய டயர்தான் வேணும். பிரேக் ஹோஸ் இழுபடும். வளைவுல கவிழுற ஆபத்தும் கூடும்.

சட்டமும் சும்மா விடாது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாசம் வரை ஜெயில், இல்லேன்னா ரெண்டும்னு 2019 திருத்தம் சொல்லுது.

அப்போ பழைய பார்ட்ஸே வேண்டாமா? வேணும் பாஸ்! பல ஜீப்புங்க தாழ்ந்து நிக்கிறதே பட்டை தளர்ந்து போனதாலதான். அதே மாடலோட, விரிசல் இல்லாத செட்டாத் தேடிப் போடுங்க. புஷ், யூ போல்ட் மட்டும் புதுசு. உடைஞ்ச பட்டையை வெல்டிங் வெச்சு ஒப்பேத்தாதீங்க.

கம்பெனி கொடுத்த உயரம் திரும்ப வந்துடும். புளியங்குடி மார்க்கெட்டுக்கு எலுமிச்சை மூட்டையோட பத்திரமா போய்ச் சேர அது போதும். அதுதானே நிஜமான கெத்து!